வாக்காளர் கைக்கு எட்டாத நாற்காலி

2018 நவம்பர் 24 அன்று, தைவானின் தெற்குத் துறைமுக நகரமான காவோசியுங்கில் 8,92,545 பேர் வாக்களித்து ஹான் குவோ-யூவை மேயராக்கினார்கள். 2020 ஜூன் 6 அன்று அதே நகரத்தில் 9,39,090 பேர் வரிசையில் நின்று, அவர் மேயராக இருந்தது போதும் என்று வாக்களித்தார்கள். ஏற்றிவிட்ட கைகளைவிட இறக்கிவிட வந்த கைகள் அதிகம். இடைப்பட்ட காலம் ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். தைவானில் மேயர் ஒருவரை மக்களே வாக்களித்துப் பதவி நீக்கியது அதுதான் முதல் முறை.

அத்தோடு அவர் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். ஆனால் 2024 பிப்ரவரி முதல் தைவான் நாடாளுமன்றத்தின் அவைத்தலைவர் அவர்தான்.

வாய்ச்சாலக்காரர், கூட்டம் கூட்டத் தெரிந்தவர், வாக்குறுதிகளை வாரி இறைத்தவர் என்று ஹானைச் சுருக்கிவிடுவது எளிது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அவருடைய முப்பது ஆண்டு அரசியலில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய செல்வாக்குக்கு இணையாக வேலை செய்த இன்னொன்று உண்டு: வாக்கை எப்படி எண்ணுவது என்ற விதி. அதிலும் குறிப்பாக, பதவியில் இருப்பவரை மக்கள் திரும்ப அழைக்கும் சட்டம். அந்தச் சட்டத்தின் கோடு ஏறியபோது அவர் தப்பினார், இறங்கியபோது விழுந்தார்.

ஹான் 1957இல் தைபேயை ஒட்டிய பகுதியில் பிறந்தவர். பெற்றோரின் பூர்வீகம் சீனப் பெருநிலத்தின் ஹெனான் மாகாணம். 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்று, சியாங் காய்-ஷெக்கின் குவோமின்டாங் கட்சி அரசு தைவானுக்கு வந்தபோது, கூடவே வந்த படைவீரர்களுக்காகத் தீவெங்கும் தனிக் குடியிருப்புகள் எழுந்தன. ஹான் அந்தப் படைவீரர் குடியிருப்புச் சூழலில் வளர்ந்தவர். ராணுவக் கல்வி, பிறகு சூச்சோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், அதன்பின் செங்சி பல்கலைக்கழகத்தில் முதுகலை என்று படிப்பு போனது. தைபே மாவட்ட மன்றத்தில் உறுப்பினராகத் தொடங்கி, 1992 டிசம்பர் தேர்தலில் குவோமின்டாங் வேட்பாளராக வென்று 1993 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குள் வந்தார்.

அந்த 1992 தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. அதுவரை தைவான் நாடாளுமன்றத்தின் பெரும்பாலான இருக்கைகளில் 1940களின் இறுதியில் சீனப் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே உட்கார்ந்திருந்தார்கள். நாட்டை மீட்ட பிறகுதான் மறுதேர்தல் என்பது வாதம். நாற்பது ஆண்டுகள் ஓடின, உறுப்பினர்கள் சக்கர நாற்காலியில் வரத் தொடங்கினார்கள், நாடு மீளவில்லை. முழு அவைக்கும் தைவான் மக்களே வாக்களித்த முதல் தேர்தல் 1992இல்தான் நடந்தது.

அன்றைய முறையில் ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். வாக்காளருக்கோ ஒரே வாக்கு. தைபே மாவட்டம் போன்ற பெரிய தொகுதியில் பத்துக்கும் மேற்பட்டோர் தேர்வாவார்கள். அங்கே வெல்ல எல்லோருக்கும் பிடித்தவராக இருக்கத் தேவையில்லை. ஒரு சிறு கூட்டத்துக்கு உயிராக இருந்தால் போதும். ஹானுக்கு அந்தக் கூட்டம் முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பங்களும். குவோமின்டாங்கின் இந்த வாக்கு வங்கிக்குத் தைவானில் ‘இரும்பு வாக்கு’ என்று பெயர், தட்டினாலும் நசுங்காது.

1993 மே மாதம் நடந்தது இந்தப் பின்னணியில்தான். முன்னாள் படைவீரர் நலத்துறையின் நிதி பற்றிய விவாதத்தில் எதிர்க்கட்சியான ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சென் சுயி-பியான், வெறுமனே சோறு போட்டு வைப்பதற்கும் பன்றி வளர்ப்பதற்கும் என்ன வேறுபாடு என்ற பொருளில் பேசினார். சாடல் துறையின் நிர்வாகத்தின் மீது என்பது அவர் தரப்பு விளக்கம். ஹானின் காதில் அது தன் தந்தையின் தலைமுறை மீது விழுந்த வசை. மேசை கவிழ்ந்தது, குத்து விழுந்தது, சென் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடி வாங்கியவர் அடுத்த ஆண்டே தைபே மேயரானார், 2000இல் குடியரசுத் தலைவரானார். அடித்தவர் தொகுதியில் வீரரானார், அவ்வளவுதான். எண்ணிக்கை முறை தந்த ஊக்கம் அப்படி.

1994இல் நடந்தது இன்று பலருக்கு நினைவில்லை. நான்காவது அணுமின் நிலையத்துக்கு நிதி ஒதுக்க ஆதரவளித்த தைபே மாவட்ட உறுப்பினர்கள் நால்வரைத் திரும்ப அழைக்க அணு எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். அந்த நால்வரில் ஒருவர் ஹான் குவோ-யூ. அதுவரை திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு செல்லுபடியாக மூன்றில் ஒரு பங்கு வாக்காளர் வந்தால் போதும். கையெழுத்துகள் குவிவதைப் பார்த்த குவோமின்டாங் பெரும்பான்மை, வாக்கெடுப்புக்கு முன்பாகவே சட்டத்தைத் திருத்தி அதைப் பாதியாக உயர்த்தியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கோல் கம்பத்தைத் தள்ளி நடுவது என்றால் இதுதான். 1994 நவம்பர் 27 அன்று ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியவர்களே வாக்களிக்க வந்தார்கள். நால்வரும் தப்பினார்கள். அந்த அணுமின் நிலையம் கட்டியும் இன்றுவரை ஒரு யூனிட் மின்சாரம்கூட வணிக ரீதியாகத் தந்ததில்லை என்பது வேறு கதை.

மூன்று பதவிக்காலங்களுக்குப் பிறகு, 2002 ஜனவரியுடன் ஹானின் நாடாளுமன்ற வாழ்க்கை நின்றது. அடுத்த பத்து ஆண்டுகளில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. நகரத் துணை மேயர் போன்ற சிறு பொறுப்புகள் வந்து போயின. மனைவி லீ சியா-ஃபென் யுன்லின் மாவட்ட அரசியலில் வேரூன்றிய குடும்பத்தவர். அவரும் மாவட்ட மன்ற உறுப்பினராக இருந்தவர். யுன்லின் தைவானின் காய்கறி வயல். தைபே வேளாண் விளைபொருள் விற்பனை நிறுவனத்தின் பொது மேலாளர் பதவியில் ஹான் வந்து உட்கார்ந்ததை அந்த உறவுகளைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்வது கடினம்.

தலைநகரம் தின்னும் கீரையும் பழமும் விடியலுக்கு முன் ஏலம் போகும் மொத்தச் சந்தைகளை நடத்துவது அந்த நிறுவனம். அரசியல்வாதிக்கு ஓய்வூதிய இடம் போலத் தெரிந்தாலும் அதுவே ஹானை மீண்டும் மக்கள் முன் நிறுத்தியது. முற்போக்குக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவரைக் ‘காய்ப்புழு’ என்று திட்டினார். சந்தையை அரிக்கும் இடைத்தரகர்களுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. தைபே நகர மன்றத்தில் அதே கட்சியினர் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார்கள். அவர் வாய்க்கு வாய் பதில் சொன்னார். அந்தக் காணொளித் துண்டுகள் பரவின. 2017இல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் காலத்தில் சந்தை விடுமுறையும் விலைச் சரிவும் சேர்ந்து சர்ச்சையானபோது, ஹான் இருந்தபோது நன்றாக நடந்ததே என்ற பேச்சு தானாக எழுந்தது.

2017இல் குவோமின்டாங் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். ஆறு பேர் நின்ற களத்தில் அவருக்குக் கிடைத்தது 6 விழுக்காடுகூட இல்லை. வென்ற வூ டன்-யி, காவோசியுங் கிளையைக் கவனித்துக்கொள்ளும்படி அவரை அனுப்பினார். குவோமின்டாங்காரருக்குக் காவோசியுங் என்பது தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் மாதிரி. 1979 டிசம்பர் 10 அன்று ராணுவச் சட்டத்துக்கு எதிராகப் போராட்டம் வெடித்த ஊர் அது. 1998இல் இதே வூ டன்-யி மேயர் தேர்தலில் அங்கே தோற்றதிலிருந்து இருபது ஆண்டுகளாக நகரம் முற்போக்குக் கட்சியின் கையில் இருந்தது.

ஆனால் இருபது ஆண்டு நீண்ட காலம். 1990களில் உலகின் மூன்று பெரிய கொள்கலன் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த காவோசியுங், சீனத் துறைமுகங்கள் எழ எழப் பட்டியலில் கீழே போனது. எஃகும் பெட்ரோ ரசாயனமும் புகையைத் தந்தன. இளைஞர்களுக்கு ஏற்ற வேலை வடக்கே தைபேயிலும் சின்சுவிலும் இருந்தது. 2014இல் தெருவுக்கு அடியில் போன ரசாயனக் குழாய் வெடித்து 32 பேர் இறந்தார்கள். 2017இல் மக்கள்தொகையில் தைச்சுங் முந்திக்கொண்டது. நாட்டின் இரண்டாவது நகரம் என்ற பட்டமும் போனது. நகராட்சியின் கடன் நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. 2018 மேயர் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு பெருமழையில் சாலைகள் குழிகளாயின.

ஹான் அந்தக் குழிகளில் நின்று பேசினார். காவோசியுங் ‘வயதாகி ஏழையாகிவிட்டது’ என்றார். வடக்கே வேலை தேடிப் போன பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வரலாம் என்றார். சரக்கு வெளியே போக வேண்டும், ஆட்கள் உள்ளே வர வேண்டும், காவோசியுங் பணம் கொழிக்க வேண்டும், இதுதான் முழக்கம். தன் பிரசாரச் செலவு ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கிண்ணம் பன்றியிறைச்சிக் குழம்புச் சோறும்தான் என்றார். வழுக்கைத் தலையையே சின்னமாக்கினார். தைவானின் எந்தத் தேர்தலிலும் முதலில் எழும் கேள்வி சீனாவுடன் உறவா, விலகலா என்பது. அதை அவர் ஒதுக்கி வைத்து, பொருளாதாரத்துக்கு நூறு மதிப்பெண், அரசியலுக்குப் பூச்சியம் என்றார். சீனச் சந்தைக்குப் பழம் விற்பது அரசியல் இல்லையா என்று கேட்டவர்களின் குரல் அந்த இரைச்சலில் எடுபடவில்லை.

அவருடைய குடும்பப் பெயரான ‘ஹான்’ சீன எழுத்தில் கொரியாவைக் குறிக்கும் எழுத்தும்கூட. கொரிய நாடகங்களும் பாடல்களும் கிளப்பிய ‘கொரிய அலை’யின் பெயர் அப்படியே இவருக்கு ஒட்டிக்கொண்டது: ஹான் அலை. தொலைக்காட்சியில், குறிப்பாக சிடிஐ செய்தி அலைவரிசையில், காலையும் மாலையும் அவர் முகம்தான். அந்த அலைவரிசையின் உரிமம் 2020 நவம்பரில் புதுப்பிக்க மறுக்கப்பட்டது தனி சர்ச்சை.

2018 மேயர் தேர்தலில் ஹான் 53.87 விழுக்காடு பெற்றார். முற்போக்குக் கட்சியின் சென் சி-மாய் 44.80. அலை காவோசியுங்கோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் முற்போக்குக் கட்சி நாடெங்கும் சரிந்தது. குடியரசுத் தலைவர் சாய் இங்-வென் கட்சித் தலைமையிலிருந்து விலகினார்.

இங்கேதான் ஹான் தடம் மாறினார். தைவானில் பெருநகர மேயர் பதவி ஏணிப்படி. லீ டெங்-ஹுய், சென் சுயி-பியான், மா யிங்-ஜியோ மூவரும் தைபே மேயராக இருந்தவர்கள். இன்றைய குடியரசுத் தலைவர் லாய் சிங்-தே தைனான் மேயராக இருந்தவர். சாய் ஒருவர்தான் விதிவிலக்கு. ஏணியில் ஏற நினைத்தது குற்றமில்லை. முதல் படியில் கால் பதியும் முன்பே அடுத்ததற்குத் தாவியதுதான் சிக்கல். லாய் தைனானில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்தார். ஹான் 2018 டிசம்பர் 25 அன்று பதவியேற்றார். 2019 ஜூன் 1 அன்று, தைபேயில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரே மழையில் திரண்ட கூட்டத்தின் முன் நின்றார். ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இடையில் மார்ச்சில் ஹாங்காங், மக்காவ், ஷென்சென், சியாமென் என்று பயணம். விளைபொருள் விற்பனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கூடவே ஹாங்காங்கில் பெய்ஜிங்கின் தொடர்பு அலுவலகத்துக்குள்ளும் போய் வந்தார். ஜூனில் ஹாங்காங் தெருக்கள் போராட்டத்தில் பற்றியெரிந்தபோது அந்தப் படங்கள் எல்லாம் திரும்பி வந்தன. நகர மன்றத்திலோ, தடையற்ற பொருளாதார மண்டலத்தால் நகருக்கு என்ன நன்மை என்று உறுப்பினர் ஒருவர் துருவித் துருவிக் கேட்க, காவோசியுங் பணம் கொழிக்கும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காதல் ராட்டினம், தென்சீனக் கடலின் தைப்பிங் தீவில் எண்ணெய், பத்து ஆண்டில் ஐம்பது லட்சம் மக்கள்தொகை என்ற தேர்தல் காலக் கனவுகளை மக்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஜூலையில் ஃபாக்ஸ்கான் நிறுவனர் டெர்ரி கோவைக் கருத்துக்கணிப்பு வழியிலான உட்கட்சிப் போட்டியில் வென்று குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். அக்டோபரில் மேயர் பணிக்கு மூன்று மாத விடுப்பு எடுத்தார். 2020 ஜனவரி 11 அன்று சாய் 81,70,231 வாக்குகள், ஹான் 55,22,119. காவோசியுங்கிலேயே அவர் ஏறத்தாழ 6.1 லட்சம் வாக்குகளோடு நின்றுவிட, சாய் பத்து லட்சத்தைத் தாண்டினார். நகரம் தன் தீர்ப்பை அன்றே சொல்லிவிட்டது. சட்டப்படி எழுத வேண்டியதுதான் பாக்கி.

எழுதக் காத்திருந்தவர்கள் தயாராகவே இருந்தார்கள். 1994இல் உயர்த்திய கோடு இருபது ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2014இன் சூரியகாந்தி மாணவர் போராட்டத்துக்குப் பின், குவோமின்டாங் உறுப்பினர் ஒருவரைத் திரும்ப அழைக்க 2015 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ‘போகட்டும்’ என்றார்கள். ஆனால் வந்தவர்களே 24.98 விழுக்காடு. எதிராக வாக்களிப்பதைவிட வீட்டில் இருப்பது சிறந்த உத்தி என்ற கோணல் அந்தச் சட்டத்தில் இருந்தது. 2016இல் முற்போக்குக் கட்சிப் பெரும்பான்மை அதை மாற்றியது: மொத்த வாக்காளரில் கால் பங்கு ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும், அது ‘இல்லை’யைவிட அதிகமாக இருக்க வேண்டும். அது போதும்.

பதவியேற்று ஓராண்டு ஆகும்வரை யாரையும் திரும்ப அழைக்க மனுக் கொடுக்க முடியாது. முதல் கட்டத்தில் வாக்காளரில் 1 விழுக்காடு, அடுத்து 10 விழுக்காடு கையெழுத்து வேண்டும். ‘வீகேர் காவோசியுங்’ என்ற குடிமக்கள் குழு, ஓராண்டு நிறைவதற்கு முன்பே தாள்களை நிரப்பி வைத்திருந்தது. காலம் வருமுன் சேகரித்த கையெழுத்து செல்லாது என்று ஹான் தரப்பு நீதிமன்றம் போனது. வாக்கெடுப்பை நிறுத்த முடியவில்லை. கோவிட்டைத் தைவான் அடக்கி வைத்திருந்த மாதங்கள் அவை என்பதால் வாக்குச்சாவடிகளும் திறந்தன.

ஹான் பழைய உத்தியை நம்பினார். ஆதரவாளர்கள் வீட்டிலேயே இருங்கள், வாக்குச்சாவடியில் நடப்பதைக் கண்காணியுங்கள் என்றார். விதி மாறிவிட்டது, உத்தி 1994இலேயே நின்றது. தேவைப்பட்டது ஏறத்தாழ 5.75 லட்சம். விழுந்தது 9,39,090. எதிர்த்து விழுந்தவை 25,051. ஆதரவாளர்கள் சொன்ன சொல் தட்டாமல் வீட்டில் இருந்ததால், அவரிடம் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுகூட அன்று தெரியாமல் போனது.

ஆகஸ்ட் 15 இடைத்தேர்தலில், 2018இல் அவரிடம் தோற்ற சென் சி-மாயே 70 விழுக்காடு வாக்குகளுடன் மேயரானார். திரும்ப அழைக்கப்பட்டவர் நான்கு ஆண்டுகளுக்கு அதே தொகுதியில் அதே பதவிக்கு நிற்க முடியாது. ஹான் ஒதுங்கிக்கொண்டார்.

மீண்டும் அவரைக் கொண்டுவந்ததும் ஓர் எண்ணிக்கை முறைதான். 2008 தேர்தலிலிருந்து தைவான் நாடாளுமன்றத்தில் 113 இடங்கள்: 73 தொகுதிகளுக்கு, 6 பழங்குடியினருக்கு, மீதி 34 கட்சிப் பட்டியலுக்கு. 2023இல் குவோமின்டாங் தலைவர் எரிக் சூ பட்டியலின் முதல் பெயராக ஹானை வைத்தார். கணக்கு எளியது: அவரை வெறுப்பவர்கள் எப்படியும் குவோமின்டாங்குக்குப் போட மாட்டார்கள், அவரை விரும்புகிறவர்கள் அவருக்காகவே வருவார்கள். முதல் பெயர் தோற்கவே முடியாத இடம்.

2024 ஜனவரி 13 அன்று லாய் குடியரசுத் தலைவராகத் தேர்வானார். நாடாளுமன்றத்திலோ குவோமின்டாங் 52, முற்போக்குக் கட்சி 51, தைவான் மக்கள் கட்சி 8, சுயேச்சைகள் 2. பிப்ரவரி 1 அன்று அவைத்தலைவர் தேர்தல். முதல் சுற்றில் வெல்ல 57 வேண்டும், யாருக்கும் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் முந்துபவருக்கே பதவி. மக்கள் கட்சி ஒதுங்கிக்கொள்ள, ஹான் 54 வாக்குகளில் வென்றார். பாதியைத் தொடாமலே மேடையேறினார். அவைத்தலைவராக இருந்து தோற்ற யூ சி-குன் உறுப்பினர் பதவியையே விட்டு விலகினார்.

அவையில் குத்துவிட்டுப் பெயர் வாங்கியவர் இப்போது அவையை அடக்க வேண்டியவர். 2024 மே மாதம், நாடாளுமன்றத்தின் விசாரணை அதிகாரத்தை விரிவாக்கும் மசோதாவின்போது உறுப்பினர்கள் மேடையைச் சூழ்ந்து மல்லுக்கு நின்றார்கள். வெளியே மழையில் பல்லாயிரம் பேர். மசோதா நிறைவேறியது, அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைச் செல்லாததாக்கியது. டிசம்பர் 20 அன்று, முந்தைய இரவே முற்போக்குக் கட்சியினர் மண்டபத்துக்குள் புகுந்து வாசலை அடைத்தும், திரும்ப அழைக்கும் சட்டத்தை இறுக்கும் திருத்தம் நிறைவேறியது. மூன்றாவது முறையாகக் கோடு நகர்ந்தது. இந்த முறை அவைத்தலைவர் ஹான்.

அந்த விவாதக் காலத்தில் குவோமின்டாங் தரப்பில் ஒரு யோசனை எழுந்தது: ஒருவரைத் திரும்ப அழைக்க, அவர் வென்றபோது பெற்ற வாக்குகளைவிட அதிக வாக்குகள் வேண்டும் என்று வைத்துவிடலாமே? அவ்வளவு உயரத்தில் கோடு போட்டிருந்தாலும் 2020இல் ஹான் தப்பியிருக்க மாட்டார். 46,545 வாக்குகள் கூடுதலாகவே விழுந்திருந்தன.

2025இல் குடிமக்கள் குழுக்கள் குவோமின்டாங் உறுப்பினர்களைக் கூட்டமாகத் திரும்ப அழைக்கக் கிளம்பின. ஜூலை 26 அன்று 24 பேர், ஆகஸ்ட் 23 அன்று மேலும் 7 பேர் மீது வாக்கெடுப்பு. இந்த முறை குவோமின்டாங், 2020இன் பாடத்தைப் படித்துவிட்டு, ஆதரவாளர்களை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. வந்து ‘இல்லை’ என்று போடச் சொன்னது. முப்பத்தொன்றும் தோற்றன.

அந்த முப்பத்தொரு பெயர்களில் அவைத்தலைவரின் பெயர் இல்லை. பட்டியல் வழியாக வந்தவர்களைத் திரும்ப அழைக்கத் தைவான் சட்டத்தில் இடமில்லை. அவர்களுக்கு வாக்களித்த தொகுதி என்று ஒன்று கிடையாது.